அலசிக் காயவைத்த சாக்குகள்

எங்கள் வீட்டில் யூரியாச் சாக்கு கிடக்காத இடம் கிடையாது. வாசலில் கால் துடைக்க ஒன்று, கோழிக்கூட்டுக்கு மறைப்பாக ஒன்று, மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ள மடித்துவைத்தது ஒன்று. ஐந்தாம் வகுப்பு வரை நான் கொண்டுபோன புத்தகப் பையும் சாக்கில் தைத்ததுதான். கம்பெனி எழுத்து அதில் வெளுத்துப்போய்த் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னை ‘உரமூட்டை’ என்று கூப்பிட்டார்கள். நான் கொஞ்சம் பூசினாற்போல இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ராஜபாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவளுக்குச் சாக்கு என்றால் துணி, அவ்வளவுதான். அலசிக் காயவைத்துவிட்டால் அதற்கும் உரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வேதியியல் படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடை எங்களைப் பெற்ற அத்தா வைத்தது. அத்தா மௌத்தாகிக் கண்மூடியபோது நான் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார்கள். கடையில் உட்கார்ந்துவிட்ட அண்ணன் மட்டும், “எதுக்கெடுத்தாலும் எதுத்துப் பேசுத பிள்ளைய எவன் கெட்டுவான்? படிக்கட்டும், போங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லி எல்லோரையும் அனுப்பிவைத்தார். அண்ணனுக்கு வாய்த்த மதினியும் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. நாத்தனார் படிப்புக்காகத் தன் வளையல் பேங்குக்குப் போனதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு நான் சமமாகியிருப்பேன். அதற்கும் அவர் வழி விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் இருந்த சின்னச் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மண், கிணற்றுத் தண்ணீர், பால், இவற்றைச் சோதித்துச் சொல்வது வேலை. தினமும் காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, சாயங்காலம் திரும்பி வந்து மதினி கையால் சாப்பிடுவேன். வேலைக்குப் போகிறோம் என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. ஆசிட் பட்டுச் சேலையில் விழுந்த ஓட்டைகளைக்கூட மறைக்காமல் கட்டிக்கொண்டு போவேன்.

அங்கேதான் அந்தப் பெரியவர் வந்தார். ராஜபாளையத்தில் மில் நடத்தியவர். மில்லை மகன்களிடம் விட்டுவிட்டு, அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில் மலையடிவாரத்தில், பட்டுப்போன ஒரு மாந்தோப்பை வாங்கிக் காடாக்கிக்கொண்டிருந்தார். தேக்கு, வேங்கை, நாவல், வேம்பு, இலவம், நடுநடுவே வாகையும் புங்கனும். ஒரே மரமாக நடுங்கள், வெட்டி விற்க வசதி என்று சொன்னவர்களிடம், “மலையில எங்கயாச்சும் ஒரே மரமா நிக்குதா?” என்று கேட்டாராம். மரங்கள் நன்றாகக் கிளம்பி வந்து, மூன்றாள் உயரத்தில் மந்தமாகிவிட்டன. ஏதோ சத்துக் குறைவு. உரம் போடலாம், ஆனால் எதற்கு எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி.

நெல்வயல் என்றால் எல்லாம் ஒரே பயிர், ஒரே கை வீச்சு. கலப்புக் காட்டில் அது நடக்காது. வாகையும் புங்கனும் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தங்கள் வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்ளும். யூரியாவில் இருப்பதும் அதே தழைச்சத்துதான், அவற்றுக்கு அதைப் போடுவது வீண். பக்கத்தில் நிற்கும் தேக்குக்கு அதில் பங்கு கிடைக்கிறதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மண்ணைச் சோதித்தால் மண்ணில் இருப்பது தெரியும், மரத்துக்குள் போனது தெரியாது. அதற்கு இலையைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு மரத்தின் இலையிலும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் எல்லாம் இன்ன அளவு இருந்தால் நிறைவு, அதற்குக் கீழே போனால் பசி என்று ஒரு கணக்கு உண்டு. வாகைக்கு உள்ள கணக்கை நாவலுக்குப் போடக்கூடாது. எது பசியோடு நிற்கிறதோ அதன் காலடியில் மட்டும், அது கேட்பதை மட்டும் போட வேண்டும். இதை நான் பெரியவருக்கு விளக்கியபோது அவர் கண் விரிந்தது. “அப்ப மரத்துக்கிட்டயே கேட்டுச் சொல்லும்மா. அது என்ன சொல்லுதோ அதச் செய்வோம்” என்றார். பிறகு, “உரம் வேணும்னா உங்க அண்ணன் கடைதான், வேற எங்க போகப்போறோம்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்கள் வீட்டுக்குள் புகுந்தது.

ஒரு உரக் கம்பெனிக்கு எங்கள் பக்கத்தில் அத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் ஏஜென்ட். சீசனுக்கு இவ்வளவு லோடு எடுத்தாக வேண்டும் என்பது பேச்சு. தொடர்ந்து மழை ஏய்த்ததில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் உரம் வாங்குவது குறைந்துபோயிருந்தது. வருகிற ஐப்பசியிலும் குறைந்தால் ஏஜென்சியை வேறு கடைக்கு மாற்றிவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து வந்தவர் எங்கள் கடையில் உட்கார்ந்து, மதினி போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டே சொல்லிப்போனார். அந்தக் காட்டு ஆர்டர் ஒன்று வந்துவிட்டால் போதும், குறை தீர்ந்துவிடும். அண்ணனுக்கு அது தெரியும், மதினிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணன் என்னிடம் நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மட்டும், “மரத்துக்கு எல்லாம் கொஞ்சம் தேவப்படும்னுதான் நெனைக்கேன். பாத்தாலே வெளுப்பா இருக்கு” என்றார்.

“அத மரம் சொல்லட்டும் அண்ணே. கடைக்காரவுக சொல்லக்கூடாது” என்றேன்.

மதினி கரண்டியோடு நின்றுவிட்டார். அண்ணன் சிரித்தார். “சரித்தா. மரமே சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். வெடுக்கென்று பேசுவது எனக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அதில் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

ஆவணியில் இலை பறிக்கப் போனேன். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கொழுந்தும் கூடாது, முற்றலும் கூடாது. வெயில் படுகிற பக்கத்தில், கிளையின் நடுவிலிருக்கும் விளைந்த இலையாக எடுக்க வேண்டும். பாதையோரத்து மரம் வேண்டாம், இலையில் புழுதி இருக்கும். நீளத் தொரட்டியை வைத்துக்கொண்டு அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மர இனத்துக்கும் தனித்தனிக் காகித உறை. பாடமும் காகிதம் அல்லது துணி என்றுதான் சொல்லியிருந்தது. முதல்நாளே மலைச்சாரல் பிடித்துக்கொண்டது. அடிவாரத்திலிருந்து ஊருக்கு வருவதற்குள் உறைகள் ஊறிக் கிழிந்து, நாவலும் வேங்கையும் வேம்பும் என் பைக்குள் ஒரே குப்பையாகக் கிடந்தன. வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்துவிட்டு ஆத்திரத்தில் அழுதேன்.

“இதுக்கா இந்தப் பாடு?” என்றார் அண்ணன். கடைக்குப் போய் ஒரு கட்டுக் காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “நம்ம வீட்ல இல்லாத சாக்கா? இத அலசித் தச்சுக் குடுட்டி, மழ பெஞ்சாலும் ஒண்ணும் ஆவாது” என்று மதினியிடம் கொடுத்தார்.

மதினி மறுநாளே அலசினார். அந்தச் சமயம் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்தால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்துவைத்த தண்ணீரில் எல்லாச் சாக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி, கும்மி, உதறிக் கொடியில் போட்டார். தொட்டித் தண்ணீரையும் வீணாக்க மனமில்லாமல், வாடிக் கிடந்த கறிவேப்பிலைச் செடிக்கு மொண்டு ஊற்றினார். சாக்குகள் காய்ந்ததும் வெட்டி, அடிப்பக்கம் இரட்டைத் தையல் போட்டு, வாயில் இழுத்துக் கட்ட நாடா வைத்துச் சின்னச் சின்னப் பைகளாக்கினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் ஒரு அடையாளம். தேக்குக்கு ஒரு கோடு, நாவலுக்கு ஒரு வட்டம். அவ்வளவு அழகான பைகளை நான் எந்தச் சோதனைக்கூடத்திலும் பார்த்ததில்லை. சாக்கில் இலையைப் போடலாமா என்ற யோசனை என் மண்டையில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துணிதானே.

சாரலில் நனைந்த இலைகளை அந்தப் பைகளில் அடைத்துக் கொண்டுபோனேன். சோதனைக்கூடத்தில் கழுவிக் காயவைத்துப் பொடியாக்கி, ஆசிட்டில் காய்ச்சி வடித்தேன். கடைசியில் குடுவைக்குள் பச்சையாக இருக்கும் நீர், ஒரு சொட்டு கூடும்போது இளஞ்சிவப்பாகத் திரும்பும். எத்தனை சொட்டில் திரும்பியது என்பதை வைத்துத் தழைச்சத்து எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அந்த நிறம் திரும்பும் கணத்துக்காகவே நான் அந்த வேலையை விரும்பினேன். மனுஷர்களிடம் பேசும்போது இப்படி ஒரு சொட்டில் உண்மை தெரிந்துவிடாது.

விடை வந்தது. எல்லா மரங்களிலும் தழைச்சத்து நிறைவாக இருந்தது. வாகையும் புங்கனும் இருப்பது சரி, அவை அப்படித்தான். தேக்கு நிறைவு, வேம்பு நிறைவு. நாவல்கூட, வழக்கமாகக் கஞ்சத்தனமாக இருக்கும் நாவல்கூட, கணக்குக்கு மேலேயே இருந்தது. தேக்குக்கு மட்டும் துத்தநாகம் கொஞ்சம் குறைவு.

எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வெளுத்து நிற்கிற மரத்தின் இலையில் இவ்வளவு எப்படி? அதுவும் எல்லா இனத்திலும் ஒன்றுபோல? வேறு யாருடைய தோப்பாக இருந்தாலும் மறுபடி போய்ப் பறித்து வந்து இன்னொரு தடவை செய்திருப்பேன். அதுதான் முறை, எப்போதும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை செய்யவில்லை. உரம் வேண்டாம் என்று வந்த விடையை இரண்டாந்தடவை சோதித்தால், அண்ணன் கடைக்குச் சாதகமாக விடை வரும்வரை சோதிக்கிறேன் என்று ஆகிவிடாதா? யார் அப்படிக் கேட்கப்போகிறார்கள்? ஒருவரும் இல்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அண்ணன் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்ற வீறாப்பில் மறுபக்கம் சாய்ந்துவிட்டேன். சாய்ந்ததற்குக் காரணமும் படித்த புத்தகத்திலிருந்தே கிடைத்தது. வாகையும் புங்கனும் உதிர்க்கும் இலை மக்கி, பக்கத்து மரங்களுக்குச் சத்தைப் பகிர்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

பெரியவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கலந்து நட்டது சரிதான் என்று அவருடைய மரங்களே சாட்சி சொல்லிவிட்டன அல்லவா. “பாத்தியாம்மா, ஒண்ணுக்கொண்ணு குடுத்து வாங்கிக்குது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொந்த அண்ணன் கடை என்றும் பார்க்காமல் எழுதினேன் என்று சோதனைக்கூட முதலாளியிடம் என்னைப் பாராட்டிவிட்டும் போனார். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என்ன தைரியம் எனக்கு.

வீட்டில் அண்ணனிடம் சொன்னேன். அவர் கடைச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, “துத்தநாகம் எம்புட்டு வேணும்?” என்று கேட்டார். ஒரு சின்ன மூட்டை போதும் என்றேன். அந்த ஒரு மூட்டையை அவரே சைக்கிளில் கட்டிக்கொண்டு அடிவாரம் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பால்கோவாவைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஐப்பசி போயிற்று. பொங்கலுக்கு முன்னால் ஏஜென்சியும் போயிற்று. பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த இன்னொரு கடையில் அந்தக் கம்பெனிப் பலகை ஏறியது. எங்கள் கடையில் பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. அண்ணன் கொஞ்ச நாள் விதையும் பூச்சிமருந்தும் வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. பிறகு அவருக்குத் தெரிந்த இன்னொரு தொழிலில் இறங்கினார். ஊர் ஊராகப் போய்க் காலி உரச்சாக்குகளை வாங்கி வந்து, அலசிக் காயவைத்துத் தைத்து, கரிக்கும் எருவுக்கும் பருத்திக் கழிவுக்கும் கேட்பவர்களுக்கு விற்பது. தளவாய்புரம் வரை சைக்கிளிலேயே போய்வருவார். வாங்குவதும் விற்பதும் அண்ணன், அலசுவதும் தைப்பதும் மதினி. வெள்ளைச் சட்டையோடு கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதர், கேரியரில் தன் தலையை விட உயரமாகச் சாக்கைக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் வரும்போது நான் உள்ளே போய்விடுவேன்.

தெருவில் சில பேர் என் காதுபடப் பேசினார்கள். மதினி விட்டுக்கொடுக்கவில்லை. “அவ உள்ளத எழுதுனா. பொய் எழுதச் சொல்லவா அம்புட்டுப் படிக்க வச்சோம்?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வலித்தது, ஆனால் நிமிர்ந்து நடக்க முடிந்தது. நியாயத்துக்காகப் பட்ட வலி என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது.

அடுத்த ஆவணி வந்தது. பெரியவர் மறுபடி இலையைப் பார்க்கச் சொன்னார். பழைய பைகளை எலி கடித்திருந்ததால் மதினி அதே தொட்டியில் அலசிப் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். வீட்டில்தான் இப்போது சாக்குக்குப் பஞ்சமே இல்லையே. அந்தத் தடவை நாவல் இலை கூடுதலாகப் பறித்துவிட்டேன். வட்டம் போட்ட பை கொள்ளவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டும் எதிர்வீட்டு அக்கா எப்போதோ கொடுத்த பேண்டேஜ் துணித்துண்டு ஒன்று என் பையில் கிடந்தது. மிச்ச இலையை அதில் முடிந்து எடுத்துப்போனேன். இரண்டும் ஒரே மரம், ஒரே கிளை.

சோதனையில் சாக்குப் பை நாவல் கணக்குக்கு மேலே இருந்தது. பேண்டேஜ் முடிச்சு நாவல் பசியில் கிடந்தது.

என் கைத்தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி செய்தேன், அதே விடைதான். குடுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்ன காரணத்தாலோ எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷம் வாடிக் கிடந்த செடி. சாக்கு அலசிய தண்ணீரைக் குடித்த பிறகு கருகருவென்று தழைத்துப் பின்கட்டுச் சுவரைத் தாண்டிவிட்டது. “உன் காட்டுக்குப் போடாட்டி என்ன, நம்ம கறிவேப்பிலைக்குப் போட்டாச்சு” என்று மதினி என்னைக் கேலிகூடச் செய்தார். தினமும் அந்த இலையைப் போட்டுத் தாளித்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். இலையைப் பார்த்தே மரத்தின் வயிற்றைச் சொல்பவள் என்று பெயர்.

இலை போடாத ஒரு புதுப் பையை எடுத்து, வாலை வடித்த சுத்த நீரை ஊற்றிக் குலுக்கி, அந்த நீரைச் சோதித்தேன். நிறம் திரும்புவதற்குச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரே தொட்டித் தண்ணீரில் எல்லாச் சாக்கும் முங்கியதில் தண்ணீரே யூரியாத் தண்ணீராகியிருக்கிறது. அதிலேயே ஊறி எடுத்துக் காயவைத்த சாக்கு. அதற்குள் ஈர இலை. இலை குடித்துவிட்டது. குடித்த பிறகு மேலே கழுவி என்ன பிரயோஜனம்? போன வருஷம் நான் அளந்தது மரத்திலிருந்த தழைச்சத்தை இல்லை, எங்கள் கடைச் சரக்கை.

மறுநாள் பெரியவரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். பை சரியில்லை, விடை தப்பு, மரங்கள் பசியோடுதான் நின்றிருக்கின்றன என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் ஒரு வேங்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, “அதனால என்னம்மா, மரம் ஒரு வருஷம் பொறுக்கும். எல்லாத்தையும் பேண்டேஜ் துணியில கட்டிட்டு வந்து திரும்பப் பாரு, இந்த ஐப்பசிக்குப் போட்ருவோம்” என்றார். பார்த்தேன். தேக்குக்கு இவ்வளவு, நாவலுக்கு இவ்வளவு, வாகைக்குத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஐப்பசியில் மலையடிவாரத்துக்கு லோடு போயிற்று, பஸ் நிலையத்துக் கடையிலிருந்து. லாரி எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் முற்றத்தில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, யாருக்கோ போகிறது என்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். மதினி எதிர்வீட்டுக்குப் போயிருந்தார். சாக்கு, தொட்டி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் சொன்னேன். மரத்துக்கு அப்போதே உரம் தேவைப்பட்டது, நீங்கள் பார்த்தாலே வெளுப்பாக இருக்கிறது என்று சொன்னது சரி, ஆர்டர் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது என்றேன். அண்ணன் கையிலிருந்த சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார், கத்துவார், கத்தினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

“இத உங்க மதினிகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல அண்ணே.”

“சொல்லாத. என்னைக்கும் சொல்லாத” என்றார். “அவதான அலசுனா. தெரிஞ்சா தாங்க மாட்டா.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அலசியதில் தப்பில்லை அண்ணே, எனக்குச் சந்தேகம் வந்தது, நான்தான் இரண்டாந்தடவை பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அந்த மாதமே தெரிந்திருக்கும் என்று. வாய் வரை வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் துளிக் குறை இல்லை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டலில் பழி முழுவதும் சாக்கின் மேல் போய் விழுந்தது. சாக்கு என்றால் மதினி. அவர் அறியாமலே அதைச் சுமக்கிறார், அதை அவருக்குத் தெரியாமல் அண்ணன் சுமக்கிறார்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போய்விட்டேன். பெரியவரின் காட்டுக்கு வருஷா வருஷம் ஆவணியில் போய் இலை பார்த்தேன். மதினி தைத்துக் கொடுக்கும் பைகளை மறுக்காமல் வாங்கிக்கொள்வேன், இலையைப் பேண்டேஜ் துணியில்தான் கட்டுவேன். தேக்கும் நாவலும் ஒன்றோடொன்று தலை உரசும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. உள்ளே போனால் நடுப்பகலிலும் வெயில் தரையில் விழாது. காட்டைப் பார்க்க வருபவர்களிடம் பெரியவர் என்னைக் காட்டி, “இந்த அம்மா சொன்னபடிதான் எல்லாம்” என்பார். எனக்கு அந்த நிழலில் ஒரு நிமிஷம் நிம்மதியாக நிற்க முடிந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெருநாள் கழிந்து ராஜபாளையம் போயிருந்தேன். அண்ணனுக்கு முதுகு வளைந்துவிட்டது, சைக்கிள் மிதிக்க முடிவதில்லை. சாக்கு வியாபாரம் இப்போது மதினி கையில். முற்றம் முழுக்கச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. சாக்கு எடுக்க வந்த ஒரு எரு வியாபாரி, இரண்டு மூன்று சாக்கைப் பிரித்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதினிக்கு அது பிடிக்கவில்லை.

“ஏன் மோந்து பாக்கியரு? எங்க வீட்டுச் சாக்குல ஒரு பொடி இருக்காது” என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். “இந்தா நிக்காளே எங்க நாத்தனா, பரிசோதன பண்ணுதவ. இவளே எலை போட என்கிட்டதான் பை தச்சு வாங்கிட்டுப் போவா. சொந்த அண்ணன் கடைன்னும் பாக்காம உள்ளத எழுதிக் குடுத்தவ இவ. இவ கொற சொல்லல. நீரு சொல்ல வந்துட்டீரு.”

வியாபாரி என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டுச் சாக்கைக் கட்டச் சொன்னார். உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பும்போது, பின்கட்டு மரமாகிவிட்ட கறிவேப்பிலையிலிருந்து ஒரு கட்டு ஒடித்துக் கொடுத்தார் மதினி. பஸ்ஸில் வாடாமல் இருக்க ஈரச் சாக்கில் சுற்றியிருந்தார்.

“நாலு தண்ணி அலசுனது. பயப்படாமக் கொண்டு போ” என்றார்.

“தெரியும் மதினி” என்றேன்.